இரண்டாம் பிரிவுக்கு ஒரு திருத்தம்

கபீர் கோரையாத்தங்குடிக் கீழத்தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. மண்சுவர்கள் மட்டும் நின்றன. சுவர்களின் மேல் மூங்கில்கள் வெறுமனே கிடந்தன. அடுப்பு எரிவதும், பிள்ளைகள் குந்தியிருப்பதும், யாரோ ஒருவர் படுத்து இருமுவதும் தெருவிலிருந்தே தெரிந்தன. மாசி வெயில் எல்லா வீட்டுக்குள்ளும் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அஹமது கபீர் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவனைக் கட்சி நிறுத்தியது, அலை ஜெயிக்க வைத்தது. ஜெயித்த மறு வருஷம் மனைவி ஷம்சாத் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் சட்டமன்றத்துக்குத் தவறாமல் போனான், தன் இடத்தில் உட்கார்ந்தான், மற்றவர்கள் ஆம் என்ற இடத்தில் ஆம் என்றான். ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்பான். உடம்பில் ஒன்றுமில்லை.

"தீ வச்சாங்களா?" என்று கேட்டான். அந்தப் பக்கத்தில் அந்த வருஷங்களில் அப்படித்தான் முதலில் கேட்கத் தோன்றும்.

அம்சம் சுவருக்கு வெளியே நின்றிருந்தாள். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள், தெருவுக்குப் பேசுகிறவள்.

"தீயும் இல்ல, காத்தும் இல்ல. நாங்கதான் பிரிச்சோம்" என்றாள். "வாங்க ராவுத்தர் தம்பி, உள்ள வந்து நில்லுங்க. உள்ளயும் ஒண்ணுதான், வெளியேயும் ஒண்ணுதான்."

கீழத்தெரு மொத்தமும் பண்ணையார் சாமாவின் மனைக்கட்டு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் தெருவிலுள்ளவர்கள் பண்ணைக் களத்துக்குப் போய் நிற்க வேண்டும். காரியஸ்தர் வைக்கோல்போரைக் காட்டுவார். வீட்டுக்கு இத்தனை கட்டு என்று தூக்கிக்கொண்டு வந்து பழைய கூரையைப் பிரித்துவிட்டுப் புதிது வேய்வார்கள். அந்த வைக்கோலுக்கு விலை கிடையாது. வாங்கியவன் பண்ணை ஆள், அவன் இருக்கும் வீடு பண்ணை வீடு. யாரும் இதை வாயால் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இந்த வருஷம் தெரு அந்த வைக்கோலை வாங்கவில்லை. வாங்காததோடு விடவில்லை. போன வருஷத்து வைக்கோலையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய், மக்கிப்போனதை, கரி படிந்ததை, பண்ணைக் களத்திலேயே கொட்டிவிட்டு வந்துவிட்டார்கள். கடைத்தெருவில் சொந்தமாகத் தென்னங்கீற்று வாங்கி வேய்ந்துகொள்வது என்று முடிவு. கீற்றும் வாங்கியாகிவிட்டது. ஆனால் தெருவுக்கு வரும் வண்டிப்பாதை பண்ணை வயலுக்குள் வருகிறது. வண்டியை வாய்க்கால் மதகிலேயே பண்ணை ஆட்கள் மறித்து நிறுத்திவிட்டார்கள். வரப்பு வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுவரப் பார்த்தவர்களை அடித்தும் விட்டார்கள்.

"ஏன் இப்பிடிப் பண்ணீங்க?"

"ஏன்னு எங்களையா கேக்குறீங்க?" அம்சத்தின் அண்ணன் காத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. "கடைத்தெருவுல மேடை போட்டு மைக்குல சொன்னீங்களே. சட்டம் வந்தாச்சு, மனைக்கட்டு ஒனக்கே சொந்தம்னு. சொந்த மனையில எவன் கூரையோ எதுக்கு?"

மைக்கில் சொன்னது ஒன்றியச் செயலாளர். அன்று சென்னையில் மசோதா தாக்கல்தான் ஆகியிருந்தது. இனிமேல்தான் விவாதம், ஓட்டு, அப்புறம் மேலவை, அப்புறம் கையெழுத்து, அப்புறம் கெஜட். எல்லாம் முடிந்து அரசாங்கம் ஒரு நாள் குறித்தால்தான் சட்டம். மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கபீருக்கு இது தெரியும். செயலாளரைத் திருத்த அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"சட்டம் இன்னும் வரலை" என்றான்.

காத்தான் தங்கையைப் பார்த்தார். "கேட்டியா. வரலையாம்."

"வர்ற வரைக்கும் வானத்தைப் போத்திக்கச் சொல்றாரு" என்றாள் அம்சம்.

தாசில்தார் ஆபீசில் கபீர் பாதையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டான். மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் போலீசை அனுப்புவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து சாமாவின் வீட்டுக்குப் போனான்.

சாமா கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பி.எல். முடித்துவிட்டு ஒரு நாளும் கோர்ட்டுக்குப் போகாதவர். மகன்கள் டில்லியிலும் பம்பாயிலும் இருந்தார்கள். கபீரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கோ. ஆத்துக்காரி போனதுக்கு நான் வந்து விசாரிக்கலை. மனசுல வெச்சுக்காதீங்கோ."

"கீழத்தெருவுக்குக் கீற்று போகணும்."

"நான் யாரையாவது காலி பண்ணிண்டு போகச் சொன்னேனா? இத்தனை வருஷமா கூரை கொடுத்தது நான். பிரிச்சுக் கொண்டுவந்து என் களத்துல கொட்டினது அவா. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டா. சரின்னுட்டேன்."

"சட்டம் வரப்போகுது."

"வரட்டுமே. படிச்சேளா அதை?" சாமா அலமாரியிலிருந்து கெஜட்டை எடுத்தார். மசோதா அதில் அச்சாகியிருந்தது. "ரெண்டாம் பிரிவு. குடியிருப்புன்னா என்னன்னு சொல்லியிருக்கு. கூரையுடன் கூடிய வீடோ குடிசையோ, அதன் அடிமனையும். சட்டம் அமலுக்கு வர்ற அன்னிக்கு அதுல யார் குடியிருக்காளோ அவாளுக்கு. கூரைன்னு போட்டிருக்கேளே, நான் போட்டேனா? கர்ணம் வந்து பார்த்து எழுதிண்டு போயிட்டார். கூரை இல்லை, குடியிருப்பு இல்லை."

கபீர் வாங்கிப் படித்தான். அப்படித்தான் இருந்தது. அவன் இருந்த சபையில் தாக்கலான மசோதா. அவன் மேசையிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். அவன் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

"வலங்கைமான் பக்கத்துல என் மச்சினன் இருக்கான். அவனும் கேட்டான்" என்றார் சாமா. ஒளித்துச் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். "அங்கே அவா தானா பிரிக்கலைன்னா என்ன பண்றதுன்னான். வைக்கோல் கொடுக்காதே, வண்டியை விடாதே, ஒரு மழைக்கு அதுவா விழுந்துடும்னேன். நாலஞ்சு பண்ணையில அதைத்தான் பண்ணப்போறா. தப்புன்னா சட்டத்தை மாத்துங்கோ. எழுதியிருந்தா நடக்கறேன். எழுதாததை என்கிட்ட கேக்காதீங்கோ."

கபீர் எழுந்தான். சாமா வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மசோதா விவாதத்துக்கு வரும் வாரம் அம்சமும் காத்தானும் கபீரோடு சென்னைக்கு வந்தார்கள். மந்திரியை நேரில் பார்த்துச் சொன்னால் நடக்கும் என்று தெருவில் நம்பினார்கள். கபீர் ஒரு திருத்தம் எழுதி முன்கூட்டியே கொடுத்திருந்தான். இரண்டாம் பிரிவில் 'குடிசையோ' என்பதற்குப் பிறகு 'குடிசை நின்ற இடமோ' என்று சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கொறடா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர். நல்ல மனிதர். ஷம்சாத் இறந்தபோது ஊருக்கே வந்து துக்கம் கேட்டவர்.

"என்ன தம்பி இது? நம்ம மந்திரி மசோதாவுக்கு நம்ம ஆளே திருத்தமா?"

"கூரை இல்லைன்னா மனை இல்லைன்னு ஆகுதுண்ணே."

"எங்க ஆச்சு?"

"எங்க தொகுதியில ஒரு தெருவுல."

"ஒரு தெருவுக்காகச் சட்டம் எழுத முடியுமா? அந்தத் தெருவுக்கு என்ன வேணும்? பாதை திறக்கணும், கூரை போடணும், அவ்வளவுதானே? திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்க. நான் இப்பவே கலெக்டருக்குப் போன் போடறேன். நாளைக்குப் போலீஸ் நின்னு கூரை போட்டுக் கொடுக்கும். சட்டம் வர்ற அன்னிக்கு உன் ஆளுங்க கூரைக்குள்ள இருப்பாங்க. போதுமா?"

"மத்த தெருவெல்லாம்?"

"மத்த தெரு என் பொறுப்பு, மந்திரி பொறுப்பு. உன் தொகுதியைப் பாரு." கொறடா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சபையில பிடிவாதம் பண்ணினா போன் கிடையாது. அதையும் இப்பவே சொல்லிடறேன். அப்புறம் அண்ணன் சொல்லலைன்னு வருத்தப்படக் கூடாது."

விடுதிக்குத் திரும்பி அம்சத்திடமும் காத்தானிடமும் எல்லாவற்றையும் சொன்னான். சாமாவின் மச்சினன் கேட்டதையும் சொன்னான்.

அம்சம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "போன் பண்ணச் சொல்லுங்க."

"பண்ணினா உங்க தெரு பொழைக்கும். மத்த தெருவுல கூரையில்லாம ஆக்கிட்டு வெளியேத்திடுவாங்க."

"தம்பி, ஒங்களுக்கு ஓட்டுப் போட்டது யாரு, வலங்கைமானா? எங்க தெரு போட்டுச்சு. எங்க தெருவைப் பாருங்க. அந்தத் தெருவுக்காரங்களுக்குன்னு ஒரு எம்எல்ஏ இருப்பாருல்ல, அவரு பாக்கட்டும்."

"அவரும் இதையே நினைச்சா?"

"நெனைச்சா எல்லாருக்கும் ஒரு போன். வேலை முடிஞ்சிது."

காத்தான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு சுவத்தைப் பத்திதான் கவலை" என்றார். "மண்ணு சுவரு. கோடை மழை ஒண்ணு பெஞ்சா கரைஞ்சிரும்."

மறுநாள் இருவரையும் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கபீர் உள்ளே போனான். பிரிவு வாரியாக மசோதாவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பிரிவு வந்ததும் சபாநாயகர் அவன் பெயரைப் படித்தார். கபீர் எழுந்தான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் எப்படி இருக்கும் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

"தலைவர் அவர்களே. எங்கள் ஊரில் கூரை என்பது வருஷத்துக்கு ஒருமுறை பிரிக்கிற பொருள். பிரித்த நாளில் வந்து பார்த்தால் ஒருவனும் குடியிருப்பவன் இல்லை. கூரை யாருடைய வைக்கோலில் வேயப்பட்டதோ அவர் அதை நிறுத்திவிட்டால், அப்புறமும் ஒருவனும் குடியிருப்பவன் இல்லை. இந்த மசோதா யாருக்காக வருகிறதோ அவர்களுடைய வீடு எப்படி இருக்கும் என்று இதை எழுதியவர் பார்க்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்வதற்குத்தான் இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். கூரையை எடுத்துவிட முடியும். இடத்தை எடுத்துவிட முடியாது. ஆகையால் இடம் என்று எழுதக் கேட்கிறேன்."

உட்கார்ந்தான். மந்திரி எழுந்தார். உறுப்பினரின் கவலையைப் புரிந்துகொள்வதாகவும், அதிகாரிகளுக்குத் தக்க அறிவுரை அனுப்புவதாகவும், அதனால் திருத்தம் தேவையில்லை என்றும் சொன்னார். திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். இதுவரை எல்லாம் வழக்கம். இதற்கு அடுத்ததும் வழக்கம்தான். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து, மந்திரியின் விளக்கத்தை ஏற்று என் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். சபாநாயகர்கூட மூன்றாம் பிரிவு என்று ஆரம்பித்துவிட்டார்.

கபீர் மேலே பார்த்தான். அம்சம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். அவள் தலையை அசைத்தாள். அந்த அசைவு வேண்டாம் என்றது. பக்கத்தில் காத்தான் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை" என்றான் கபீர்.

புரட்டிய பக்கங்கள் நின்றன. கொறடா எழுந்து பாதி தூரம் வந்து திரும்பவும் போய் உட்கார்ந்தார். சபாநாயகர் மறுபடி கேட்டார். கபீர் மறுபடி அதையே சொன்னான். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்தத் திருத்தத்தை நாங்கள் ஆதரிக்கிறோம், ஓட்டுக்கு விட வேண்டும், குரல் ஓட்டு வேண்டாம், எழுந்து நின்று எண்ண வேண்டும் என்றார். குடிசைக்காரர்களுக்கு எதிராக யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றார் இன்னொருவர். கூச்சல் எழுந்தது. மந்திரி அதிகாரிகள் பக்கம் போய்க் குனிந்து பேசிவிட்டு வந்தார். இந்தப் பிரிவை மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மாலையில் மந்திரியின் பெயரிலேயே ஒரு திருத்தம் வந்தது. 'குடிசையும், எக்காரணத்தாலேனும் கூரை இல்லாதிருக்கும் குடிசையின் அடிமனையும்.' கபீரின் திருத்தம் இதனால் தேவையற்றதாகிறது என்று சபாநாயகர் அறிவித்தார். ஆம் என்போர் ஆம் என்க என்றார். சபை முழுக்க ஆம் என்றது. கபீரும் ஆம் என்றான். தன் குரல் தனக்குக் கேட்டது.

கோட்டை வாசலில் அம்சம் நின்றிருந்தாள்.

"நிறைவேறிடுச்சு" என்றான் கபீர். "கூரை இல்லாட்டியும் மனை உங்களுதுதான். எல்லாத் தெருவுக்கும்."

"போன்?"

"அது கிடையாது."

"மேலேயிருந்து தலையை ஆட்டினேனே, தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"தெரிஞ்சே சொன்னீங்களா?" அம்சம் அவனை நிதானமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. இருந்த ஒண்ணும் போயிடுச்சு. அதனால ஒங்களுக்கு எந்திரிச்சு நிக்கிறது சுளுவு. எங்களுக்கு நாலு சுவரு இருந்துச்சு."

கபீருக்கு அதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. அவன் அவர்களை ரயிலில் ஏற்றிவிட்டான். காத்தான் மட்டும் ஏறும்போது, "நல்லாப் பேசினீங்க" என்றார்.

மசோதா மேலவைக்குப் போனது. கையெழுத்துக்குப் போனது. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. கபீர் வாரம் தவறாமல் கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்கினான். பார்க்கிறோம் என்றார்கள். கீழத்தெரு பழஞ்சேலையையும் உரச்சாக்கையும் மூங்கில் மேல் கட்டிக்கொண்டு இருந்தது. சித்திரைக் கடைசியில் கோடை மழை பெய்தது. டெல்டாவில் எல்லோரும் நல்ல மழை என்றார்கள். கீழத்தெருவில் சுவர்கள் ஊறி இளகின. தெருவின் கோடியில் பள்ளத்தில் இருந்த காத்தானின் வீடுதான் முழுசாக உட்கார்ந்துவிட்டது. பண்ணை அவருக்கு வேலை கொடுப்பதையும் முன்னமே நிறுத்தியிருந்தது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் உப்பளத்துக்குப் போய்விட்டார்.

சட்டம் அமலுக்கு வந்தபோது அவர் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

சுற்றுவட்டாரத்தில் கூரையோடும் கூரையில்லாமலும் எத்தனையோ தெருக்களுக்குப் பட்டா கிடைத்தது. வலங்கைமான் பக்கமும் கிடைத்தது. சாமா எந்தத் தகராறும் செய்யவில்லை. வண்டிப்பாதையைத் தானே திறந்துவிட்டார். எழுதியிருந்தால் நடக்கிறேன் என்று சொன்னபடி நடந்தார். பட்டா வழங்கிய விழாவுக்குக் கபீரைக் கூப்பிடவில்லை. அடுத்த தேர்தலில் அவனுக்கு இடமில்லை என்பது கட்சியில் தெரிந்த விஷயமாகிவிட்டிருந்தது. அவன் விழா முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் தெருவுக்குப் போனான்.

வீடுகளில் புதுக் கீற்று வேய்ந்திருந்தது. தெருக் கோடியில் காத்தானின் வீடு நின்ற இடத்தைப் பண்ணை முள்வேலி போட்டு அடைத்திருந்தது. உள்ளே கரைந்த சுவர் ஒரு மேடாகக் கிடந்தது.

அம்சம் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பட்டாவைக் காட்டவும் இல்லை.

"அண்ணன் வந்தாரா?"

"வந்தாரு. பாத்தாரு. போயிட்டாரு."

"தாசில்தார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னோம். அமலுக்கு வந்த அன்னிக்கு ஆளு இங்க இல்லியேன்னாரு. ஏன் இல்லைன்னு கேக்கலை." முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் இல்லைன்னு ஒங்க சட்டத்துல எழுதியிருக்கா?"

"இல்லை."

"எழுத முடியுமா?"

"முடியும். இன்னொரு திருத்தம் கொண்டுவரணும். அவங்க ஒத்துக்கணும்."

"ஒங்களுக்கு இன்னும் எத்தினி நாளு அங்க?"

"ஒரு கூட்டத்தொடர் பாக்கி இருக்கும்."

"கேப்பீங்களா?"

"கேக்கிறேன்."

அம்சம் சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை. "இந்தத் தடவை யாரைக் கேட்டுக்கிட்டுக் கேப்பீங்க?"

அவள் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். உமி அவன் செருப்பில் வந்து விழுந்தது.

"அண்ணனுக்கு அந்த மனை வேணுமான்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே. "அங்க ஒரு எடத்துல ஒண்டிக்கிட்டு இருக்காரு. பிள்ளைவோ பள்ளிக்கூடம் போவுதுவோன்னு சொன்னாரு. வேணுங்கிறாரோ, வேண்டாங்கிறாரோ. எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. நாகப்பட்டணத்துலேருந்து பஸ்ஸு இருக்கு. போயி அவருகிட்ட கேளுங்க. கேட்டுட்டு அங்க போயி எந்திரிச்சு நில்லுங்க."

"அவரு வேண்டாம்னு சொன்னா?"

"சொன்னா ஒக்காருங்க."

கபீர் தலையை ஆட்டினான். மதகைத் தாண்டி ரோட்டுக்கு வந்தான். ஊருக்குப் போகிற பஸ் முதலில் வந்தது. கண்டக்டர் அவனை அடையாளம் தெரிந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நாகப்பட்டினம் பஸ்ஸுக்கு நின்றான்.